ஐஜிஎம் ஏன் வந்தது? ஜீப்ரா மீனின் சிறுநீரகத்தில் ஓர் அடையாள மரபணுவைத் தவறாகப் படித்த நிகழ்வு

கிருமியை விழுங்கும் பெருவிழுங்கிகள் என்று நம்பிப் பிரித்தெடுத்த செல்களில், ஆன்டிபாடி செய்யும் பி செல்லுக்குரிய ஐஜிஎம் மரபணு ஏன் தெரிந்தது என்று தேடி, எங்கள் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஒன்பது மாதம் ஓடிய ஒரு வேலையின் பதிவு இது. இதில் வருபவர்கள் மூவர்: முனைவர் பட்ட மாணவி ஒருவர், எங்கள் வழிகாட்டி, மாணவியின் அன்றாட வேலையை உடனிருந்து பார்த்துக்கொண்ட நான். நடந்த தவறுகளில் பெரியவை இரண்டு. இரண்டும் என்னுடையவை. மீன் நோயெதிர்ப்பில் வேலை செய்யும் மற்றவர்கள் அதே பள்ளத்தில் கால் வைக்கக்கூடாது என்பதற்காக, என்ன கண்டோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

மீனுக்குத் தடுப்பூசி போட்டால் அதை முதலில் எந்தச் செல் எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொண்ட பின் அந்தச் செல்லுக்குள் என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி. கெண்டை வளர்ப்பவர்களுக்கு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா நன்றாகத் தெரியும். உடலில் சிவந்த புண் வரும், செதில் தூக்கும், வயிற்றில் நீர் கோர்க்கும். அந்த பாக்டீரியாவை ஃபார்மலினில் கொன்று, சிவப்பாக ஒளிரும் சாயம் ஏற்றி, வளர்ந்த ஜீப்ரா மீன்களின் வயிற்றறைக்குள் செலுத்தினோம். 24 மணி நேரம் கழித்து ஒரு தொகுதி, 7 நாள் கழித்து இன்னொரு தொகுதி. இரண்டிலும் சிறுநீரகத்தை எடுத்து, அதிலுள்ள பெருவிழுங்கிகளை (மேக்ரோஃபேஜ்) மட்டும் பிரித்து, அவற்றின் ஆர்என்ஏவைப் பார்ப்பது திட்டம்.

சிறுநீரகம் ஏன் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. மீனின் எலும்புக்குள் இரத்தம் ஊறும் மஜ்ஜை கிடையாது. நிணநீர் முடிச்சுகளும் கிடையாது. முதுகெலும்புக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் சிறுநீரகம்தான், அதிலும் தலைப்பக்கம்தான், இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். சிவப்பணு, நியூட்ரோஃபில், பெருவிழுங்கி, பி செல், முதிராத செல்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு வகையைப் பொறுக்கி எடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எலியில் இது எளிது. ஒவ்வொரு வெள்ளையணு வகையின் மேற்பரப்புப் புரதத்துக்கும் ஆன்டிபாடி கடையில் கிடைக்கும்; நான்கைந்தைச் சேர்த்துப் போட்டால் செல் தன் பெயரைச் சொல்லிவிடும். மீனுக்கு அப்படிப்பட்ட ஆன்டிபாடிகள் மிகச் சில. எலிக்குச் செய்தவை மீன் புரதத்தில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. அதனால் ஜீப்ரா மீன் ஆய்வாளர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு வகைச் செல்லில் மட்டும் இயங்கும் மரபணு ஒன்றைத் தேர்ந்து, அதன் புரமோட்டர் பகுதியை (மரபணு எந்தச் செல்லில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் துண்டு) எடுத்து, அதன் பின்னால் பச்சை ஒளி தரும் ஜிஎஃப்பி மரபணுவைக் கோர்த்து, மீனின் மரபுத்தொகுதிக்குள் வைத்துவிடுவது. அந்தச் செல் எங்கிருந்தாலும் பச்சையாகத் தெரியும். நியூட்ரோஃபிலுக்கு எம்பிஎக்ஸ் புரமோட்டர் கொண்ட மீன் 2006-இல் வந்தது. பி செல்லைப் போலவே நிணச்செல் வகையான டி செல்லுக்கு எல்சிகே புரமோட்டர் கொண்ட மீன் அதற்கும் முன்பே, 2004-இல். பெருவிழுங்கிக்கு எம்பெக்1 புரமோட்டர் கொண்ட மீன் 2011-இல்.

எம்பெக்1 என்பது பெர்ஃபோரின்-2 என்ற புரதத்துக்கான மரபணு. கிருமியின் உறையில் துளை போடும் புரதம் அது. கண்ணாடி போலத் தெளிந்த ஜீப்ரா மீன் குஞ்சின் வாலில் சிறு காயம் செய்து நுண்ணோக்கியில் வைத்தால், எம்பெக்1 மீனில் பச்சைப் பெருவிழுங்கிகள் காயத்தை நோக்கி ஊர்ந்து வருவதை உயிரோடு பார்க்கலாம். முதல் முறை அதைப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இந்த மீன் உலகெங்கும் பரவியதில் வியப்பே இல்லை.

எங்களிடமும் அதே மீன்தான். தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் "மேக்ரோஃபேஜ் மீன்" என்று எழுதியிருந்தோம். இந்தச் சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலை செய்த முறை

செல் பிரிக்கும் கருவி எங்களிடம் இல்லை. நகரத்தின் மறுகோடியிலுள்ள வேறொரு நிறுவனத்தில் மாதத்துக்கு இரண்டு முறை நேரம் கிடைக்கும். மீன்களை ஆக்சிஜன் அடைத்த பைகளில் உயிரோடு எடுத்துப்போய், ட்ரைகெய்ன் என்ற மயக்க மருந்துக் கரைசலில் வலியில்லாமல் முடித்து, அங்கேயே அறுத்தோம். ஒரு மாதிரிக்கு 3 மீன்களின் சிறுநீரகம். 40 மைக்ரான் சல்லடையில் நசுக்கி வடித்து, இறந்த செல்களைக் காட்டும் சாயம் சேர்த்து, கருவியில் ஏற்றினோம்.

கருவி செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிடும். நேர்ப்பக்கம் சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும். பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே எவ்வளவு மணிகள், குமிழிகள் இருக்கின்றன என்று சொல்லும். ஜீப்ரா மீனின் சிறுநீரகச் செல்களை இந்த இரண்டு அளவுகளை மட்டும் வைத்தே சிவப்பணு, நிணச்செல் (பி, டி செல்கள்), முன்னோடிச் செல், மைலாய்டு செல் (பெருவிழுங்கி, நியூட்ரோஃபில் போன்றவை) என்று நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம் என்பது 2003 முதலே தெரிந்த செய்தி. எங்கள் துறையில் புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே கற்றுத்தருவோம்.

வரைபடத்தில் ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அதற்குள் விழும் செல்களை மட்டும் எடுப்பது வழக்கம். நாங்கள் அந்தக் கட்டங்களைப் போடவில்லை. உயிருள்ள செல்களில் பச்சையாக இருப்பது எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேகரித்தோம். யார் பெருவிழுங்கி என்பதை மீனே பச்சையாகக் காட்டும்போது பருமனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் அன்றைய என் வாதம். செல் எண்ணிக்கை குறைவு, கட்டம் போட்டால் இன்னும் குறையும், ஆர்என்ஏ போதாது. இதுதான் முதல் தவறு. அன்று அது சிக்கனமாகத் தெரிந்தது.

முதலில் கண்டது

எந்த மரபணு இயங்குகிறது என்று ஆர்என்ஏவிலிருந்து காட்டும் ஆர்டி-பிசிஆர் சோதனையில் அழற்சி மரபணுக்கள் சிலவும், கிருமித் துண்டை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகை மரபணுவும் இருந்தன. கூடவே மாணவி இரண்டு மரபணுக்களை "வரக்கூடாதவை" என்று சேர்த்திருந்தார். டி செல்லுக்குரிய எல்சிகே ஒன்று. பி செல் செய்யும் ஆன்டிபாடியான ஐஜிஎம்மின் கனச்சங்கிலி மரபணு மற்றொன்று. பிரித்தெடுத்தது தூய்மையாக இருக்கிறதா என்று காட்டுவதற்கான எதிர்மறைச் சான்று அது. நல்ல பழக்கம். யாரும் சொல்லாமல் அவரே சேர்த்தது.

எல்சிகே வரவில்லை. ஐஜிஎம் வந்தது. விளிம்பில் தடுமாறும் வரவு இல்லை, தெளிவான வரவு.

இரண்டாம் முறையும் வந்தது. 7 நாள் தொகுதியில் ஊசி போட்ட மீன்களில் இன்னும் கூடுதலாக வந்தது. அதே தொகுதியில் எம்எச்சி மரபணுவும் ஏறியிருந்தது. எம்எச்சி ஏறியதை வைத்து, தடுப்பூசிக்குப் பின் பெருவிழுங்கிகள் டி செல்களுக்குக் காட்டுவதற்குத் தயாராகின்றன என்று எழுதத் தொடங்கிவிட்டோம். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பியாயிற்று.

தள்ளி வைத்த முடிவும் ஒரு கேள்வியும்

ஐஜிஎம்மை நான் கலப்படம் என்றேன். சிறுநீரகத்தில் பி செல்கள் நிறைய. பிரிக்கும்போது ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஐஜிஎம் ஆர்என்ஏ ஒரு பி செல்லுக்குள்ளேயே ஏராளம் என்பதால் சிறிது கலந்தாலும் பிசிஆர் காட்டிவிடும். இந்த விளக்கத்தில் பொய் எதுவும் இல்லை, நடக்கக்கூடியதுதான். பச்சை அதிகமாக உள்ள செல்களை மட்டும் எடுக்கும்படி எல்லையை உயர்த்தினோம். வரவு சற்றுக் குறைந்தது, மறையவில்லை.

அடுத்து நான் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். எல்சிகே சுத்தமாக இருப்பதால் அதையே எதிர்மறைச் சான்றாக வைத்துக்கொண்டு, ஐஜிஎம்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். ஒரு சான்று நமக்குப் பிடிக்காததைச் சொல்கிறது என்பதற்காகச் சான்றையே மாற்றுவது. இது இரண்டாவது தவறு. முதலாவதைவிடப் பெரியது.

மாணவி அப்போது கேட்டதை அவர் சொன்னபடியே தருகிறேன். "அண்ணா, கலப்படம்னா எல்லா நிணச்செல்லும்தானே கொஞ்சம் கொஞ்சம் வரணும்? ஐஜிஎம் இவ்வளவு வருது, எல்சிகே துளிகூட வரலையே. பி செல் மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்து வந்து ஒட்டிக்கும்?"

சிறுநீரகத்தில் டி செல் குறைவு, அதனால் தெரியாமல் போயிருக்கலாம் என்று பதில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் முகத்தில் நிறைவு இல்லை, எனக்குள்ளும் இல்லை. வழிகாட்டியிடம் போனோம். அவர் எங்கள் இருவரையும் கேட்டுவிட்டு, "கலப்படம்னு சொல்றது ஒரு கருதுகோள்தான்மா. மத்த கருதுகோளை எல்லாம் எழுதிட்டு வாங்க, எது எதால விழும்னு பார்ப்போம்" என்றார். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னதும் அன்றுதான். அந்த மாநாட்டுக்குப் போவதில் மாணவிக்கு ஆசை அதிகம். எதுவும் சொல்லாமல் அன்று மாலையே அஞ்சல் அனுப்பினார்.

ஐந்து சந்தேகங்கள்

எழுதிவந்தது ஐந்து. ஆர்என்ஏவில் டிஎன்ஏ கலந்திருக்கலாம். பி செல்லும் பெருவிழுங்கியும் ஒட்டிய நிலையில் இரட்டையாகக் கருவிக்குள் போயிருக்கலாம். செல்லின் இயல்பான ஒளிர்வை ஜிஎஃப்பி என்று எண்ணியிருக்கலாம். மீன் சிறுநீரகத்தில் நிறமி தேங்கிய செல்கள் உண்டு, அவை தாமாகவே ஒளிரும். பெருவிழுங்கி பி செல்லை விழுங்கியிருக்கலாம். விழுங்கப்பட்டதன் ஆர்என்ஏ சிறிது நேரம் தங்கும். ஐந்தாவது, பச்சைச் செல்களில் ஒரு பகுதி உண்மையிலேயே பி செல்லாக இருக்கலாம்.

ஐந்தாவதை எழுதியவர் மாணவி. நான் அதைக் கடைசியில் வைக்கச் சொன்னேன்.

இதை ஒரேயடியாகத் தீர்க்க ஒரு வழி இருந்தது. ஐஜிஎம் புரமோட்டரில் பச்சை ஒளிரும் மீனும் உலகில் உண்டு, எம்பெக்1 புரமோட்டரில் சிவப்பு ஒளிரும் மீனும் உண்டு. இரண்டையும் கலந்து, ஒரே செல்லில் இரு நிறமும் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் எங்களிடம் ஐஜிஎம் மீன் இல்லை. வரவழைக்க அனுமதி, தனிமைப்படுத்தல், கலப்பு, பிறகு குஞ்சு வளர்ந்து முதிர 3 மாதம். மாணவியின் உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த மீன்களின் எண்ணிக்கையில் மிச்சமும் சிறிதே. இருக்கும் மீனையும் கருவியையும் வைத்து முடிந்தவரை போவது, போதாவிட்டால் மட்டும் புது மீன் என்று முடிவெடுத்தோம். இந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் குறையில்லை.

முதல் மூன்றும் விரைவில் விழுந்தன. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதியைச் சேர்க்காத குழாயில் எதுவும் வரவில்லை. புதிய பிரைமர்கள் (பிசிஆரில் தேடும் மரபணுவில் ஒட்டும் சிறு துண்டுகள்) இன்ட்ரானை, அதாவது ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதியை, தாண்டி இரு எக்சான்களில் அமரும்படி வடிவமைத்தவை. ஒளித்துடிப்பின் பரப்பையும் உயரத்தையும் ஒப்பிட்டு இரட்டைகளை வெட்டிவிட்டு, பிரித்த செல்களையே மறுபடி ஒருமுறை பிரித்தோம். ஐஜிஎம் அப்படியே இருந்தது. ஜிஎஃப்பி இல்லாத உடன்பிறந்த மீன்களை அதே நாளில், அதே கையால், அதே அமைப்பில் ஓட்டினோம். பச்சைக் கட்டத்தில் ஏறத்தாழ யாரும் இல்லை.

நான்காவதில்தான் தடுமாறினோம். விழுங்கிய செல்லின் ஆர்என்ஏவா, சொந்த ஆர்என்ஏவா என்பதை பிசிஆர் சொல்லாது. கூடவே மீனில் இன்னொரு குழப்பம் உண்டு. வானவில் ட்ரவுட் மீனின் ஐஜிஎம் பி செல்கள் தாமே கிருமியை விழுங்கிக் கொல்லும் என்று 2006-இல் காட்டியிருக்கிறார்கள். பாலூட்டிகளைப் படித்துவிட்டு வருபவருக்கு நம்பக் கடினம். விழுங்குவது பெருவிழுங்கியின் தொழில், பி செல் ஆன்டிபாடி செய்யும் என்றுதான் பாடப்புத்தகம் பிரித்துவைத்திருக்கிறது. மீனில் அந்தப் பிரிவினை அவ்வளவு திட்டமாக இல்லை. ஆகவே, சிவப்பு பாக்டீரியாவை விழுங்கியிருக்கிறது, அதனால் பெருவிழுங்கிதான் என்று எங்கள் முதல் குறிப்பேட்டில் எழுதியிருந்த வரியும் நிற்காது.

கடைசியில் வழி காட்டியது நாங்கள் போடாமல் விட்ட அந்தக் கட்டங்கள்தான்.

கட்டம் போட்ட நாள்

நல்லவேளையாகக் கருவி ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாச் செல்களின் எல்லா அளவுகளையும் கோப்பாகச் சேமித்துவைக்கும். பிரித்த செல்கள் கரைந்துபோயின, கோப்புகள் இருந்தன. முதல் நாள் கோப்பைத் திறந்து, பச்சைச் செல்களை மட்டும் எடுத்து, பருமனும் மணித்தன்மையும் கொண்ட வரைபடத்தில் போட்டோம்.

இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒன்று, எதிர்பார்த்தபடி, மைலாய்டு கட்டத்தில். மற்றது நிணச்செல் கட்டத்தின் நடுவில், சிறிதும் சந்தேகமில்லாமல். முதல் ஓட்டத்திலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. திரையில் நாங்கள் வேறு அச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை கருவிக்குப் போனபோது இரண்டு கூட்டத்தையும் தனித்தனிக் குழாயில் எடுத்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பகுதியைக் கண்ணாடித் தட்டில் சுழற்றி ஒட்டவைத்து, கீம்சா சாயம் ஏற்றினோம். மைலாய்டு கட்டத்துச் செல்கள் பெரியவை. கரு அவரைவிதை போல ஒருபக்கம் குழிந்து, சைட்டோபிளாசம் முழுக்கக் குமிழிகள். நிணச்செல் கட்டத்தில் இருந்தவை சிறியவை. உருண்டைக் கரு செல்லையே நிரப்பி, சுற்றிலும் நீலக் கோடு போல மெல்லிய விளிம்பு. எந்த இரத்தவியல் மாணவரும் பார்த்தவுடன் நிணச்செல் என்று சொல்லும் உருவம். வயிற்றில் இன்னொரு செல் கிடக்கிற பெருவிழுங்கி இப்படி இருக்காது. நான்காவது சந்தேகம் நுண்ணோக்கியில் விழுந்தது.

மீதிச் செல்களின் ஆர்என்ஏவில், நிணச்செல் கட்டத்தில் ஐஜிஎம்முடன் பி செல்லுக்கே உரிய சிடி79ஏ, பாக்ஸ்5 இரண்டும் இருந்தன. பெருவிழுங்கிக்கு வைத்திருந்த எம்ஃபாப்4 இல்லை. மைலாய்டு கட்டத்தில் நேர் எதிர். இனி ஒரு கேள்வி மிச்சம்: ஒருவேளை பி செல்லில் எம்பெக்1 மரபணு உறங்கிக்கொண்டே இருந்து, நாங்கள் வைத்த புரமோட்டர் துண்டு மட்டும் ஒழுக்கம் கெட்டுப் பச்சையை எரியவிடுகிறதா? மீனின் சொந்த எம்பெக்1 ஆர்என்ஏவை இரண்டு கூட்டத்திலும் தேடினோம். இரண்டிலும் இருந்தது. புரமோட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. "எம்பெக்1 இருந்தால் பெருவிழுங்கி" என்று நாங்கள் போட்ட சமன்பாடுதான் தவறு.

அச்சில் இருந்த பதில்

அந்த வார இறுதியில் மாணவி தேடலை மாற்றினார். அதுவரை "பெருவிழுங்கி", "தடுப்பூசி", "ஏரோமோனாஸ்" என்ற சொற்களைக் கொண்டே தேடியிருந்தோம். இப்போது "எம்பெக்1", "பி செல்", "வளர்ந்த மீன்" என்று கொடுத்தார். முதல் பக்கத்திலேயே வந்தது. வளர்ந்த ஜீப்ரா மீனின் பெரும்பாலான உறுப்புகளில் எம்பெக்1 மீன்கள் பெருவிழுங்கியோடு ஒரு பகுதி பி செல்களையும் ஒளிரச் செய்கின்றன என்றும், இரண்டையும் ஒளிச்சிதறலைக் கொண்டு பிரித்துவிடலாம் என்றும் 2020-இல் ஒரு குழு வெளியிட்டிருந்தது. எங்கள் வேலை தொடங்கும் முன்பே அச்சில் இருந்த பதில்.

அந்தக் கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. படித்தபோது எங்கள் தவறு எங்களுக்கு மட்டுமானது இல்லை என்று புரிந்தது. பெருவிழுங்கி உருவாவதற்கு ஐஆர்எஃப்8 என்ற மரபணு தேவை. அது இல்லாத ஜீப்ரா மீன் குஞ்சில் பெருவிழுங்கிகள் உருவாவதில்லை. ஆனால் அதே மீன் வளர்ந்தபின் எம்பெக்1 ஒளிரும் செல்கள் திரும்ப வருவதைக் கண்டு, வளர்ந்த மீனில் பெருவிழுங்கிகள் ஐஆர்எஃப்8 இல்லாமலே மீண்டு வருகின்றன என்று முன்பு எழுதியிருந்தார்கள். 2020-இல் திரும்பப் பார்த்தபோது, தோலில் உள்ளவை நீங்கலாக, மீண்டு வந்தவற்றில் பெரும்பான்மை பி செல்கள் என்று தெரிந்தது. ஒரு குறியீட்டின் மேல் வைத்த நம்பிக்கை, ஒரு மரபணுவின் வேலையைப் பற்றிய முடிவையே திருப்பிவிட்டிருந்தது.

2011-இல் எம்பெக்1 மீனைச் செய்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் காட்டியது குஞ்சில். குஞ்சில் அது இன்றும் சரி, ஏனென்றால் ஐஜிஎம் தாங்கிய பி செல்கள் ஜீப்ரா மீனில் சுமார் 3 வார வயதுக்குப் பிறகே தோன்றுகின்றன. பெற்ற நோயெதிர்ப்பு முழுமையாக இயங்க 4 முதல் 6 வாரம் ஆகும். இல்லாத செல் ஒளிர முடியாது. ஆறு மாத மீனுக்கு அந்தச் சான்றை நீட்டியது நாங்கள்.

பிறகு மற்றக் குறியீடுகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டினோம். எதுவுமே தனி வீட்டில் குடியிருக்கவில்லை. எல்சிகே மீனில் டி செல்லோடு இயற்கைக் கொல்லி செல்களும் ஒளிரும். தனிச்செல் ஆர்என்ஏ வரிசையாக்கம் வந்த பிறகு, 2017 வாக்கில்தான் அது தெளிவானது. டி செல்லின் அடையாளமாகக் கொள்ளும் சிடி4 மரபணு மீனில் இரண்டு பிரதிகள். முதல் பிரதியைக் கொண்டு செய்த மீனில் டி செல்லோடு ஒற்றைக்கரு விழுங்கிகளும் ஒளிரும். பெருவிழுங்கியின் வளர்ச்சிக் காரணியை வாங்கும் சிஎஸ்எஃப்1ஆர்ஏ, ஜீப்ரா மீனின் மஞ்சள் நிறமிச் செல்களிலும் உண்டு. அது கெட்டால் மீனின் கோடுகளே குலைந்துபோகும். எம்பெக்1-க்கும் பி செல்லோடு கணக்கு முடியவில்லை. காயம்பட்ட இதயத்தில் எம்பெக்1 ஒளிரும் நிணச்செல் வகை ஒன்று உண்டு என்று 2020-இலேயே வேறொரு குழு காட்டியது. மேல்தோலில் எம்பெக்1 ஒளிரும் செல்களில் ஒரு பகுதி இரத்தத்திலிருந்தே வந்தவை அல்ல, கருவின் வெளியடுக்கான புறப்படையிலிருந்து பிறந்தவை என்று 2019-இல் வெளியானது. உருவத்தில் பெருவிழுங்கி போலவே இருக்கும், பிறப்பு முற்றிலும் வேறு.

பின்விளைவு

பழைய ஆர்என்ஏவைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு வகைச் செல்களும் ஒரே குழாயில் கலந்து உடைக்கப்பட்டவை. கோப்புகளிலிருந்து ஒரு விஷயம் மட்டும் மீண்டது: 7 நாள் தொகுதியில் ஊசி போட்ட மீன்களில், பச்சைச் செல்களுக்குள் நிணச்செல் கட்டத்தின் பங்கு உயர்ந்திருந்தது. பி செல்லும் எம்எச்சி இரண்டாம் வகையைத் தாங்கும் செல்தான். அப்படியானால் நாங்கள் கண்ட ஏற்றம் பெருவிழுங்கி விழித்தெழுந்ததாலா, அந்தக் குழாயில் பி செல் கூடியதாலா என்று சொல்ல வழியே இல்லை.

நெறிமுறைக் குழுவிடம் காரணத்தை மறைக்காமல் எழுதி, கூடுதல் மீன் கேட்டோம். ஏன் முதலிலேயே கட்டம் போடவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் தவறால் வீணான உயிர்கள் அவை. அதைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினோம்.

மறுமுறை செய்ததில், 24 மணி நேரத் தொகுதியின் அழற்சி மரபணு ஏற்றம் மைலாய்டு கட்டத்தில் மட்டும் உறுதியாக நின்றது. 7 நாள் எம்எச்சி ஏற்றம் மைலாய்டு கட்டத்தில் நிற்கவில்லை. நாங்கள் மாநாட்டுக்கு எழுதி அனுப்பிய வாக்கியம் அச்சாகியிருந்தால் தவறாக அச்சாகியிருக்கும். மாணவிக்கு ஐந்து மாதம் போயிற்று. ஆய்வேட்டின் அந்த அத்தியாயம் தலைப்பு மாறி, ஊசிக்குப் பின் எம்பெக்1 தாங்கிய இரு செல் கூட்டங்களின் ஒப்பீடு என்று ஆனது. சிவப்பு பாக்டீரியா ஏறிய செல்கள் நிணச்செல் கட்டத்திலும் சில இருந்தன. அவை உண்மையில் விழுங்கியவையா, வெளியே ஒட்டியவையா என்பதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி வேறாகச் செய்வது

முதலில் அந்தச் சீட்டு. "மேக்ரோஃபேஜ் மீன்" என்று தினமும் கண்ணில் பட்டது எங்களைச் சிந்திக்கவிடாமல் செய்தது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். மாணவி கேள்வி கேட்டபோதும் பெயர்தான் பதில் சொன்னது. இப்போது எல்லாத் தொட்டிகளிலும் செல்லின் பெயரை எடுத்துவிட்டோம். எந்தப் புரமோட்டர், என்ன நிறம், எந்த வயதில் எந்த உறுப்பில் சோதித்தது என்று மட்டும் எழுதுகிறோம். ஒரு புது மீன் வந்தால், அதை முதலில் செய்தவர்கள் எந்த வயது மீனில் காட்டினார்கள் என்பதைப் பார்த்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதாமல் வேலை தொடங்குவதில்லை.

ஒளிச்சிதறல் கட்டம் போடாமல் எந்தச் செல்லையும் எடுப்பதில்லை, எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும். ஒரு செல்லுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் இருக்க வேண்டிய மரபணு குறைந்தது இரண்டு, இருக்கக்கூடாதது குறைந்தது ஒன்று, கூடவே கீம்சா தட்டு. எதிர்மறைச் சான்றுகளின் பட்டியலை வேலை தொடங்கும் முன் எழுதி வழிகாட்டி கையெழுத்திடுகிறார். பாதியில் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் எடுக்க நினைப்பவர் காரணத்தை எழுத வேண்டும். அந்த விதியை நானே கேட்டு வாங்கினேன்.

வளர்ப்பு மீன்களில் வேலை செய்வோருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களிடம் ஒளிரும் மீன் கிடையாது. உறுப்பை முழுதாக அரைத்து ஆர்என்ஏ எடுத்து, ஜீப்ரா மீனில் "பெருவிழுங்கி மரபணு" என்று பேர்பெற்றது ஏறினால் பெருவிழுங்கி பெருகியது என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. முழு உறுப்பில் அப்படிச் சொல்ல முடியாது. சாதாக் கெண்டைக்கு மேலும் ஒரு சிரமம். ஜீப்ரா மீனுக்கு 50 குரோமோசோம், சாதாக் கெண்டைக்கு 100. மரபுத்தொகுதி ஒருமுறை கூடுதலாக இரட்டித்த மீன் அது. ஜீப்ரா மீனில் ஒன்றாக இருக்கும் மரபணு அதில் இரண்டாக இருக்கக்கூடும், இரண்டும் ஒரே செல்லில் இயங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மீன்வள ஆய்வாளர் ஒருவர் அண்மையில் எங்களிடம் பெருவிழுங்கிக்கான பிரைமர் பட்டியல் கேட்டார். பட்டியலோடு எங்கள் முதல் நாள் கோப்பின் வரைபடத்தையும், இரண்டு கீம்சா படங்களையும் சேர்த்து அனுப்பினோம்.

எங்கள் பழைய வேலைகளில் இன்னும் திருத்தாதது ஒன்று உண்டு. இந்த ஆய்வுக்கு முந்தைய ஆண்டு, வளர்ந்த மீன்களின் வால்துடுப்பை நறுக்கி, காயத்துக்கு வந்த பச்சைச் செல்களை எண்ணி, பெருவிழுங்கி எண்ணிக்கை என்று அட்டவணை போட்டிருந்தோம். மேல்தோலில் ஒளிர்பவை எல்லாம் பெருவிழுங்கி இல்லை என்று இப்போது தெரியும். அந்தப் படங்கள் அப்படியே சேமிப்பில் உள்ளன. மாணவி பழைய கோப்புறையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படத்திலும் "பெருவிழுங்கி" என்ற சொல்லை அடித்துவிட்டு "எம்பெக்1 பச்சை" என்று மாற்றி எழுதிக்கொண்டு வருகிறார்.